வீட்டோடு மாப்பிள்ளையும் புது பிராசஸரும்

அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. மாமனார் அப்படிக் கூப்பிட்டார், நியாயம். பிறகு எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார், சலவைக்கடைக்காரர் கூப்பிட்டார், கடைசியில் பார்சல் கொண்டுவருகிற ஆள்கூட "மாப்பிள்ளை சார், ஒரு கையெழுத்து" என்று நீட்ட ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான புதிதில், "நல்ல வீடா அமையற வரைக்கும் இங்கயே இருங்களேன்" என்று மாமனார் சொன்னபோது மரியாதைக்குத் தலையாட்டினான். ஆறு வருடமாகிறது, ஆட்டிய தலை இன்னும் நிற்கவில்லை.

மாமனார் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி இருந்திருந்தால் விஷயம் என்றைக்கோ முடிந்திருக்கும். ஒரு நாள் வாய்ச்சண்டை, மறுநாள் மூட்டை முடிச்சு, அதற்கு அடுத்த நாள் வாடகை வீடு. இவரோ தங்கமான மனிதர். மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டால் வெந்நீர் வந்துவிடும். வெளியே கிளம்பினால் வண்டியைத் துடைத்து, கண்ணாடியைத் திருப்பி, தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அன்பாலேயே ஆளை மூச்சுமுட்ட வைக்கும் மனிதர்கள் உண்டு. அவர்கள்மேல் யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது?

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையிலிருந்து அவர் வெளியே வந்துவிட்டார், ஸ்டோர் அவரை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் எந்தப் பொருளுக்கும் உறை பிரியாது. சோபா வாங்கி வந்தபோது எந்த பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்ததோ அதே பிளாஸ்டிக்கில் இன்றும் இருந்தது. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் பாதி அதிலேயே தங்கிவிடும். டிவி ரிமோட்டுக்கு உறை, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கு உறை, சாப்பாட்டு மேஜை விரிப்புக்குமேல் இன்னொரு விரிப்பு. "உறையைப் பிரிச்ச நிமிஷமே பொருள் பழசாயிடும் மாப்பிள்ளை" என்பது அவருடைய கொள்கை. படுக்கப் போகுமுன் ஸ்டோரைப் பூட்டுவதுபோல வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பார். குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிகளுக்கும் மட்டும் தனி இணைப்பு உண்டு. ஆளில்லாமல் மின்சாரம் ஓடினால் தீப்பிடிக்கும் என்று பயம்.

மாப்பிள்ளைக்கு வேலை, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டியது போலக் காட்டுவது. கட்டுமானக் கம்பெனிகள் வெறும் கோடுகளாக வரைபடம் அனுப்பும். இவன் அதற்குக் கணினியில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, ஜன்னல் வழியாக வெயிலையும் வரவழைத்துப் படமாக்கித் தருவான். பார்க்கிறவர்களுக்கு உடனே குடிபோகத் தோன்றும். இதையெல்லாம் அவன் செய்த இடம் கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறை. அதிலும் ஒரு ஜன்னல் உண்டு, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வேலை வரும், வராது. வருகிற மாதத்தில் மகிழ்ச்சி, வராத மாதத்தில் மாமனாரின் ஆறுதல். இரண்டாவதுதான் தாங்காது.

அவன் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். கடையில் அவள் மேடம். நரைத்த தலைகள்கூட அவள் சொன்னால் கருவியில் மோவாயை வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரும். வீட்டுப்படி ஏறினால் பாப்பா. முப்பத்துமூன்று வயதுப் பாப்பா பஸ்ஸைத் தவறவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானால், அப்பா கடைக்கே போன் போடுவார். "இந்த வீட்டுல எனக்கு வயசே ஏறாதுங்க" என்று ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

இருவருக்கும் தனியாகப் போக வேண்டும். ஆனால் எப்படிப் போவது? அடுத்த தெருவில் வீடு பார்த்தால், என்ன குறை வைத்தோம் என்று மாமியார் படுத்துவிடுவார். ஒரே மகள் வேறு. கோபித்துக்கொண்டு போனதாகத் தெருவே பேசும். யாரையும் நோகடிக்காமல் இந்த வீட்டிலிருந்து வெளியேற ஒரே ஒரு வாசல்தான் இருந்தது: வெளியூரில் வேலை. வேலை என்றால் மாமனாரும் மறுபேச்சுப் பேச மாட்டார். அவரே ரயிலேற்றிவிட்டு வருவார்.

அந்த வாசல் இப்போது திறந்தது. தொலைவிலிருந்த நகரத்தில் ஒரு பெரிய கம்பெனி. முதலில் ஒரு சோதனை வேலை: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் ஒரு ஆள் நடந்து போய்ச் சுற்றிப் பார்ப்பது போல ஒரு வீடியோ. சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தர வேலை.

மனைவி அன்று சாமான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "கிடைச்சுடும்ல?" என்று கேட்டாள். "கிடைச்ச மாதிரிதான்" என்றான். அவள் அவன் தோளில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவனுடைய பழைய கணினி அந்த வீடியோவைச் செய்து முடிக்க ஒரு வாரம் பத்து நாளாகும். அதற்கு மூளை என்பது பிராசஸர். அதை மட்டும் மாற்றிவிட்டால் போதும், பறக்கும் என்றான் ரிப்பேர் கடை வைத்திருந்த நண்பன். பிராசஸரையும், அதன்மேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற கூலர் ஒன்றையும் கொடுத்தான். "மெஷினை இங்க கொண்டு வா, நானே மாட்டித் தர்றேன்" என்றும் சொன்னான். ஸ்டோர் கீப்பர் விடுவாரா?

"வெளிய கொடுத்தா உள்ள இருக்கறதை மாத்திடுவான் மாப்பிள்ளை. நம்ம வீட்டு மேஜையில வெச்சு நாமளே பண்ணுவோம். நான் டார்ச் பிடிக்கறேன்."

திங்கட்கிழமை காலையில் மேஜையில் கணினியைக் கிடத்தினார்கள். மாமனார் டார்ச் பிடித்தார். ஒவ்வொரு பொருளையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். இவன் திருகாணியில் கண்ணாக இருந்தபடி ஏதோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பிராசஸர் உட்கார்ந்தது, அதன்மேல் சூட்டைக் கடத்துகிற பசை தடவினான், பசைக்குமேல் கூலரை வைத்து நான்கு பக்கமும் முடுக்கினான். பொத்தானை அழுத்தியதும் திரை வந்தது. எதைத் திறந்தாலும் சட்டென்று திறந்தது. மாமனார் கைதட்டினார். அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அது கொஞ்ச நேரம்தான். வீடியோவை ஓடவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். திரை இருண்டு கிடந்தது, கணினியே அணைந்திருந்தது. மறுபடி போட்டான், ஓடியது. வீடியோவைத் தொடங்கினான், சிறிது நேரத்தில் மறுபடி பட்டென்று அணைந்தது. மறுபடி, மறுபடி. சும்மா இருக்கும்போது சமர்த்தாக இருக்கும், வேலை கொடுத்தால் மயக்கம் போட்டுவிடும்.

பிராசஸர் உட்கார்ந்திருக்கிற போர்டு பழசு, மூளை புதுசு, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தான். அது நடக்கும்போது மின்சாரம் போனால் போர்டே செத்துவிடும் என்று சொல்லித் தொலைத்தான். மாமனார் மெயின் சுவிட்சுக்கு முன்னால் காவலுக்கு நின்றுகொண்டார். மாமியாரை மிக்ஸிகூடப் போடவிடவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கணினி பழையபடி மயங்கி விழுந்தது.

புதன்கிழமை மெமரி அட்டைகளைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். மின்சாரம் போதவில்லையோ என்று நண்பனிடம் பெரிய பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டான். விண்டோஸை அழித்து முதலிலிருந்து ஏற்றினான். போனில் நண்பன், "கூலரைக் கழட்டிப் பாருடா" என்றான். "அதெல்லாம் கரெக்டாத்தான் வெச்சிருக்கேன். விசிறி ஜம்முனு சுத்துது. கழட்டினா திரும்ப வைக்கப் பசையும் இல்ல" என்றான் இவன். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவன் தன் கையால், தன் இஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம் அது. அதில் தப்பு இருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

இதற்கிடையில் மாமனாரின் கரிசனம் வேறு. அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். அணைந்ததும் "ப்ச்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "விடுங்க மாப்பிள்ளை. இந்த வேலை போனா என்ன, நாங்க இல்லையா?" என்பார். அந்த 'நாங்க இல்லையா' ஒவ்வொரு தடவையும் அவன் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது. அறைக்கதவைச் சாத்தினால், காற்று வேண்டாமா என்று அவர் வந்து திறப்பார். வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமென்றால், துணைக்கு அவரும் செருப்பை மாட்டுவார்.

வியாழக்கிழமைதான் அவனுக்குச் சூட்டைப் பார்க்கத் தோன்றியது. திரையில் வெப்ப அளவு, வீடியோ தொடங்கிய மாத்திரத்தில் கொதிநிலையைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தான். கணினிப் பெட்டியின் தலையில் மாமனார் போட்டுவிட்ட தூசி உறை, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். பின்பக்கம் பாதி மூடியிருந்தது. ஆகா, இதுதானா! உறையை எடுத்தான். பெட்டியின் பக்கக் கதவையும் கழற்றி வைத்து, மேஜை விசிறியை நேராகத் திருப்பிவிட்டான்.

"தூசி உள்ள போயிடுமே மாப்பிள்ளை."

"போகட்டும் மாமா."

"புது சாமானாச்சே."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். விசிறி அடித்த காற்றில் கணினி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது, பிறகு அணைந்தது. மனைவி கடையிலிருந்து வந்து வாசலில் பையைக்கூட இறக்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். "நாம போவோம்ல?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவன் குனிந்து கணினியின் பொத்தானை மறுபடி அழுத்தினான்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்தான். அன்று மனைவிக்கு வார விடுமுறை, பக்கத்திலேயே நின்றாள். மாமனார் டார்ச்சோடு வந்துவிட்டார். திருகாணிகளைத் தளர்த்திக் கூலரைத் தூக்கினான். தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

கூலரின் அடிப்பாகத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். கண்ணாடி போல மெல்லிசு. சூட்டில் வெந்து, நடுவில் சுருங்கி, பழுப்பேறிப் போயிருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது: பொருத்துமுன் இதை உரித்துவிடவும். உலோகம் பிராசஸரைத் தொடவே இல்லை. ஒரு வாரமாகச் சூடு அந்தத் தாளைத் தாண்ட முடியாமல் உள்ளேயே புழுங்கிச் செத்திருக்கிறது.

ஆறு வருடம் மென்று விழுங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் அவன் தொண்டைக்கு வந்தது.

"உங்க உறைப் பைத்தியத்துக்கு ஒரு அளவே கிடையாதா? சோபாவுக்குப் போட்டீங்க, ரிமோட்டுக்குப் போட்டீங்க, பேசாம இருந்தேன். இதுக்குள்ளயுமா? என் வேலைக்குள்ள வந்துமா ஒட்டணும்? மனுஷன் இந்த வீட்டுல மூச்சு விடலாமா கூடாதா?"

வீட்டில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமனாரின் டார்ச் வெளிச்சம் சுவரில் போய் விழுந்தது.

"மாப்பிள்ளை... நான் டார்ச் மட்டும்தான் பிடிச்சேன்" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

"அப்ப இது தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

மனைவிதான் பேசினாள். அப்பாவைப் பார்க்காமல், இவனைப் பார்த்து, மெதுவாகப் பேசினாள். "திங்கக்கிழமை நான் கடைக்குக் கிளம்பிட்டு இருந்தேன். அப்பா இதைக் கையில வெச்சுக்கிட்டு, 'இந்தத் தாளை எடுக்கணுமா மாப்பிள்ளை, ஏதோ எழுதியிருக்கே'ன்னு கேட்டார். நீங்கதான் திரும்பிக்கூடப் பார்க்காம, 'இருக்கட்டும் மாமா, புதுசு'ன்னு சொன்னீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. சொன்னது அவன்தான், அவன் வாய்தான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, தானாக வந்த வார்த்தை. இந்த வீட்டுக்கு வருமுன் எந்தப் பொட்டலத்தையும் பல்லால் கிழித்துப் பிரிக்கிறவன் அவன். எப்போது இப்படி ஆனான் என்று அவனுக்கே தெரியவில்லை. கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றான்.

"அட, அதுக்கென்ன! டென்ஷன்ல வர்றதுதானே" என்று மாமனார் அந்தக் கணமே மன்னித்துவிட்டார். ஒரு மூச்சாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. டார்ச்சை நேராகப் பிடித்து, "மாட்டுங்க, நேரமாகுது" என்றார்.

தாளை உரித்துத் துடைத்து, புதுப் பசை வைத்து மாட்டினான். வீடியோ ஓடியது. அணையவில்லை. ஆனால் ஒரு வாரம் வீணாகியிருந்ததால் சனிக்கிழமை மதியத்துக்குள் முடிய வேண்டுமென்றால் விடிய விடிய ஓடியாக வேண்டும். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மாமனாரே சொன்னார்: "இன்னிக்கு மெயினை அணைக்கல. நீங்க போய்ப் படுங்க, நான் பார்த்துக்கறேன்." காலையில் அவன் எழுந்து வந்தபோது அவர் சாமான் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு வாளி மணல், தீப்பிடித்தால் கொட்டுவதற்கு. கண் இரண்டும் சிவந்திருந்தது. "நல்ல பிள்ளையா ஓடுச்சு மாப்பிள்ளை" என்றார். மதியத்துக்கு முன்பே வீடியோ போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை மாலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்கறோம்" என்று மாமனார் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். மாமியார் ஈரக்கையோடு வாசலில் நின்றார். மனைவி மேஜைக்கு அந்தப் பக்கம், அவனுக்கு நேரெதிரே நின்றாள்.

"வேலை பிரமாதம் சார்" என்றது ஒரு பெண்குரல். "உங்களை எடுத்துக்கறோம், அதுல மாத்தமே இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். இந்த வேலையை முழுசா உங்க வீட்டு மெஷின்லயே பண்ணினீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்படின்னா நீங்க அங்க இருந்தே பண்ணலாமே? இங்கதான் வந்து இருக்கணும்னு நினைச்சாலும் தாராளமா வாங்க, நாங்க ஏற்பாடு பண்றோம். ரெண்டுல எதுன்னாலும் எங்களுக்குச் சரிதான். நீங்களே சொல்லுங்க."

அவன் தோளிலிருந்த கை கொஞ்சம் இறுகியது. அழுத்தவில்லை, சும்மா இறுகியது. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கண் விழித்த மனிதரின் கை. அவரைப் பார்த்துக் கத்தியது இன்னும் அவன் காதிலேயே இருந்தது. எதிரே மனைவி மூச்சுகூட விடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வர்றேன் மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கில் அந்த வார்த்தை தயாராக இருப்பதை அவன் உணர்ந்தான்.

"இங்க இருந்தே பண்றேன் மேடம்" என்றான்.

மாமனார் அவனைக் கட்டிக்கொண்டார். அழுதேவிட்டார். மாமியார் எல்லாருக்கும் டீ போட ஓடினார். எதிர்வீட்டுக்காரரிடம், "நம்ம மாப்பிள்ளைக்குப் பெரிய உத்தியோகம், வீட்டை விட்டு அசைய வேண்டியதே இல்ல" என்று மாமனார் வாசலிலிருந்து சொல்வது உள்ளே கேட்டது.

அவன் சாமான் அறைக்குள் போனான். மனைவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று நினைத்தான், கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தான். அவள் கத்தவில்லை.

"அவங்க ரெண்டும் சரின்னுதானே சொன்னாங்க?"

"ம்."

"உங்களைத்தானே கேட்டாங்க?"

அவன் கணினியின் திரையைப் பார்த்தபடி நின்றான். "மாமா பக்கத்துலயே நின்னுட்டு இருக்கறப்ப எப்படி சொல்றது, சொல்லு" என்றான்.

"நானும் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன்" என்றாள் அவள்.

வெளியிலிருந்து, "பாப்பா, டீ ஆறுது" என்று அப்பாவின் குரல் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோ வர்றேன்ப்பா" என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.